விலக்கு வேறு, அனுமதி வேறு: கம்பம் பள்ளத்தாக்கின் ஈழ ஏதிலியரும் உழைக்கும் உரிமையும்

அயல்நாட்டவர் ஒருவர் ஒரு நாட்டில் சட்டத்துக்கு உட்பட்டு வாழ இரண்டு இசைவுகள் வேண்டும்: தங்குவதற்கு ஒன்று, உழைத்துப் பிழைப்பதற்கு ஒன்று. சவூதிக்கு வேலைக்குப் போய்வந்த நம்மவர் கையிலிருக்கும் ‘இக்காமா’ அட்டையில் தங்கும் உரிமையும் வேலை கொடுத்தவரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். இந்தியாவில் வேலைக்கென்று தனி அனுமதி அட்டை கிடையாது. எந்த வகை விசாவில் ஒருவர் வந்தார் என்பதே அவர் இங்கே என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வேலைவாய்ப்பு விசா பெற ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் ஊதியம் வேண்டும். பிறநாட்டுச் சமையற்கலைஞர், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிப்போர் போன்ற சிலருக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. 180 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் பதிந்துகொள்ள வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் இதற்கெனத் தனி மண்டல அலுவலகம் உண்டு. தேனி போன்ற மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளரே வெளிநாட்டவர் பதிவு அலுவலர்.

ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வரும் ஜப்பானியப் பொறியாளருக்கு இந்த ஏற்பாடு நிறைவானது. தேனி மாவட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வாழும் அயல்நாட்டவருக்கோ இதில் ஒரு வரிகூடப் பொருந்தாது. அவர்கள் இலங்கைத் தமிழர். தங்குவதற்கு அவர்களுக்குப் பொறுத்துக்கொள்ளல் கிடைத்திருக்கிறது. உழைப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2025-இல் வந்த புதிய குடிவரவுச் சட்டமும் இந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை என்பதும், நிரப்புவதற்கான கருவி ஒன்றிய அரசின் கையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பெரியகுளம் வட்டத்து வடுகபட்டியை வெளியூரார் பூண்டுச் சந்தைக்காக அறிவர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின்னும், 1990-இல் போர் மீண்டும் மூண்டபோதும், 1996-க்குப் பிறகும், 2006 தொடங்கிய இறுதிக்கட்டப் போரின்போதும் அலை அலையாகத் தமிழகக் கரை சேர்ந்தவர்களையும் அவர்தம் பிள்ளைகளையும் கொண்ட நூற்றுச் சொச்சம் முகாம்களுள் அதுவும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது; 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்த்தியது. வீடு, அரிசி, பள்ளி, கல்லூரி ஆகியவற்றில் மாநில அரசு தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையன்று. ஆனால் குடியிருப்பு இசைவும் வேலை இசைவும் மாநிலப் பட்டியலில் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் உழைப்பு எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்தால் இந்தக் குறையின் கனம் தெரியும். விடிவதற்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். தூக்குவாளியில் மதியச் சோற்றுடன் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக் குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள்; பொழுது சாய இறங்குவார்கள். யாரும் எந்தச் சீட்டும் கேட்பதில்லை. இந்திய அரசமைப்பின் 19-ஆம் உறுப்பு அவர்களோடு ஜீப்பில் பயணம் செய்கிறது என்றே சொல்லலாம். அந்த உறுப்பு குடிமக்களுக்கு மட்டுமானது.

அனுமதி இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதைப் பள்ளத்தாக்கின் குடிமக்களே இருமுறை கண்டிருக்கிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் இரவோடிரவாக மலையிறங்க நேர்ந்தது. 2020 பொது முடக்கத்தில் ‘இ-பாஸ்’ இல்லாமல் எல்லை தாண்ட முடியாமல் போனது. ஏலத்தோட்டங்கள் ஆளின்றித் தவித்தன, கீழே வீடுகளில் கூலியின்றி அடுப்பு அணைந்தது. அந்த மாதங்களைத் தேனி மாவட்டம் பேரிடராகவே நினைவில் வைத்திருக்கிறது. முகாமில் இருப்பவருக்கு அதுவே ஆண்டு முழுவதற்குமான நிலை. வெளியே தங்க அனுமதி வேண்டும். தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும். ஆகையால் தொலைவில் தங்கிச் செய்யும் வேலை எதையும் நம்பி எடுக்க முடியாது. எஞ்சுவது அக்கம்பக்கத்துத் தினக்கூலி: பெயிண்ட் அடிப்பது, கொத்தனாருக்குக் கையாளாவது, தோட்டத்தில் களையெடுப்பது. பொறியியல் படித்த இளைஞர் பெயிண்ட் வாளியைத் தூக்கும் காட்சி தமிழகத்து முகாம்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. கூலி பாக்கி வைத்தவரிடம் சட்டத்தைக் காட்டிக் கேட்க அவருக்குத் துணிவு வராது. காவல் நிலையம் அவரைக் கண்காணிக்கும் இடமாகவும் இருக்கிறதே!

இவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர் என்பது வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. பிரிட்டிஷார் காலத்தில் மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தோர் அவர்கள். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் பாதிப்பாதியாகப் பிரித்தது. மனிதரை எண்ணிப் பங்குபோட்ட அந்த ஒப்பந்தத்தை நான் எவ்வகையிலும் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அதில் கவனத்துக்குரிய ஒரு கூறு இருக்கிறது. இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்தவர், புறப்படும் நாள் வரையிலோ 55 வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை, செய்துவந்த வேலையைத் தொடரலாம் என்று அது எழுத்தில் ஒப்புக்கொண்டது. வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுசெல்ல விட்டது. தங்கும் இசைவும் உழைக்கும் இசைவும் பிரிக்கப்படவில்லை. வெளியேற்றப்படவிருந்த அயலாருக்குக் கொழும்பு அன்று எழுத்தில் கொடுத்ததை, அடைக்கலம் தந்து நாற்பதாண்டுகள் வைத்திருப்பவர்களுக்குத் தில்லி இன்றுவரை எழுத்தில் கொடுக்கவில்லை.

1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனுடன் வந்த விலக்கு ஆணை, 2015 சனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறது. இதை வரவேற்க வேண்டும். தலைக்கு மேல் தொங்கிய வழக்கு அச்சம் குறைந்திருக்கிறது. ஆனால் விலக்கு என்பது தண்டனையைத் தவிர்ப்பது. அனுமதி என்பது உரிமையைத் தருவது. விலக்கு பெற்றவர் வங்கி மேலாளரிடமோ வேலை தருபவரிடமோ உரிமம் வழங்கும் அலுவலரிடமோ நீட்டுவதற்கு இந்த ஆணையில் ஒன்றும் இல்லை. வேலை செய்யும் உரிமையைப் பற்றி அது பேசவில்லை.

மறுதரப்பின் வாதம் வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு முழுமையாக உண்டு என்று ஹான்ஸ் முல்லர் வழக்கில் 1955-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1951-ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. எனவே அதன் 17-ஆம் விதி பேசும் கூலிவேலை உரிமை நம்மைக் கட்டாது. ஆனால் சக்மா மக்கள் தொடர்பான 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வாழ்வுரிமை குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா மனிதருக்கும் உரியது என்று அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. வெளியேற்றும் அதிகாரம் இருக்கிறது என்பதாலேயே, வெளியேற்றாமல் வைத்திருக்கும் காலத்தில் உழைப்பை மறுக்கலாம் என்று ஆகிவிடாது.

மேலும், இந்தியா பிற அயலாருக்கு இதைச் செய்தே வந்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக நேபாளியர் விசாவின்றி இங்கே தங்கி வேலை செய்கிறார்கள். திபெத்தியர் பதிவுச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கென 2014-இல் ஒரு மறுவாழ்வுக் கொள்கையே வகுக்கப்பட்டது. 2011 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் வகுத்த நடைமுறைப்படி, ஏதிலியர் என ஏற்கப்படுவோருக்கு நீண்டகால விசா வழங்கலாம். அதைப் பெற்றவர் தனியார் வேலையில் சேரலாம், கல்வி பயிலலாம். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் நாடுகளின் சிறுபான்மையினருக்கு 2016-இல் சுயதொழில், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை போன்ற வசதிகளும் இந்த விசாவோடு சேர்க்கப்பட்டன. அந்த வரிசையில் இலங்கைத் தமிழர் இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இல்லை.

குடியுரிமையே இறுதித் தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 சூனில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்குமாறு பணித்தார். ஆனால் குடியுரிமைக்கு நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். 2003 திருத்தம் கொண்டுவந்த ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறை குறுக்கே நிற்கிறது. 1987 சூலைக்குப் பிறகு முகாமில் பிறந்து, பெற்றோர் இருவரும் ஏதிலியராக உள்ள பிள்ளைக்குப் பிறப்பாலும் குடியுரிமை இல்லை. அந்தத் தீர்வு வரும்வரை ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது. நீண்டகால விசாவுக்கோ புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அமைச்சக ஆணை போதும். யாருக்கு வழங்குவது என்பதிலும் குழப்பமில்லை: 2025 விலக்கு ஆணை குறிப்பிடும் பதிவுபெற்ற மக்களே அந்தப் பட்டியல். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் வேலையை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகமே செய்யலாம். பதிவேடு அங்கேதான் இருக்கிறது.

தமிழக அரசு இந்தக் கோரிக்கையைக் குடியுரிமைக் கோரிக்கையிலிருந்து பிரித்து, தனித் தீர்மானமாகச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி ஒன்றிய அரசுக்கு அனுப்ப வேண்டும். தேனித் தொகுதியின் மக்களவை உறுப்பினர் எக்கட்சியினராயினும் அதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.