புளிப்பின் மூன்று பயன்கள்: கொங்கு நாட்டு உணவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்

சர்க்கரையை நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தை முதன்மையாக வெளியிடும் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் எனப்படும். லாக்டோபேசில்லஸ், லியூக்கோநாஸ்டாக், பீடியோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டரோகாக்கஸ் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. சில, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக மட்டுமே மாற்றும். வேறு சில, அமிலத்துடன் கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் தரும். இட்லி மாவு பொங்குவதும் தயிர் பொங்காமல் உறைவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான்.

கோவையிலும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டிலும் இட்லி, தயிர், மோர், கம்மங்கூழ், பழைய சோறு, அதன் நீரான புளிச்சதண்ணி என அன்றாட உணவின் பெரும்பகுதி இந்த நுண்ணுயிரிகளின் உழைப்பால் ஆனது. இவை அனைத்தும் 'நல்ல பாக்டீரியா' என்ற ஒரே பெயரால் போற்றப்படுகின்றன. ஆனால் இவற்றின் பயன் மூவகைப்படும். பாக்டீரியா உணவில் செய்துவிட்டுப் போகும் மாற்றம் ஒன்று. உயிருடன் உடலுக்குள் சென்று செய்யும் உதவி மற்றொன்று. சோதித்தறிந்த ஒரு ரகம் குறிப்பிட்ட நோயைத் தடுப்பது மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் இவ்வுணவுகளின் உண்மையான மதிப்பை அளக்க இயலாது.

மாவில் நிகழ்வது

இட்லி மாவின் நுண்ணுயிரிகளைப் படிப்படியாக ஆராய்ந்த ஆய்வு 1965 இல் வெளிவந்தது. அரிசியும் உளுந்தும் ஊறும்போதே லியூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸும் இன்று என்டரோகாக்கஸ் எனப்படும் இனமும் பெருகத் தொடங்குகின்றன. ஆட்டிவைத்த 11 முதல் 13 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் ஒரு கிராம் மாவில் 100 கோடியைத் தாண்டுகிறது. மாவு எழும்பக் காரணம் லியூக்கோநாஸ்டாக் விடும் வாயு. புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரில் நுரைக்க அரைபட்ட உளுந்து அந்த வாயுவைப் பிடித்துவைக்கிறது.

இட்லிப் பானையின் ஆவியில் இந்த நுண்ணுயிரிகள் மடிந்துவிடுகின்றன. ஆகவே இட்லியின் சிறப்பை உயிருள்ள பாக்டீரியாவில் தேடுவது பிழை. மென்மை, சுவை, எளிதில் செரிக்கும் தன்மை ஆகியவை அவை விட்டுச்சென்ற செல்வம். கம்பு மாவைப் புளிக்கவைப்பதிலும் இத்தகைய பயன் உண்டு. தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிணைத்து உடலுக்குக் கிடைக்காமல் செய்கிறது. மாவு புளிக்கும்போது அதைச் சிதைக்கும் நொதிகள் செயல்படுகின்றன. சோகை பரவலாக உள்ள நாட்டில் இது சிறிய பயனன்று.

உயிருடன் உட்கொள்ளும்போது

கூழ் காய்ச்சும்போது முதற்புளிப்பின் பாக்டீரியாக்கள் இறக்கின்றன. ஆறியபின் கரைத்து ஊற்றும் மோர் புதியவற்றைக் கொண்டுவருகிறது. உயிருள்ள பாக்டீரியாவின் பயன்களில் உறுதியாக நிறுவப்பட்டது பால் சர்க்கரையின் செரிமானம். தென்னிந்தியாவில் பெரியவர்கள் பலருக்கு அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைவு. பால் குடித்தால் வயிறு உப்பும். தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் சிறுகுடலை அடைந்ததும் அவற்றின் நொதி அந்தச் சர்க்கரையை உடைக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் யோகர்ட்டின் இந்தப் பயனை 2010 இல் ஏற்றது. மோர்க்குழம்பாகக் கொதித்துவிட்டால் இவ்வுதவி கிட்டாது.

நோய்த் தடுப்பும் ரகமும்

தயிர் நுண்ணுயிரிகள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானி எலி மெச்னிகாஃப் கருதினார். பின்வந்த சோதனைகள் அந்தப் பொதுநம்பிக்கைக்கு வரம்பு கட்டின. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரத்தின் ஒரு ரகம், அதற்கு உணவாகும் சர்க்கரைத் தொடருடன் 7 நாட்கள் தரப்பட்டது. செப்சிஸ் எனும் கடுந்தொற்று நிலை அல்லது இறப்பு 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது. மறுபுறம், வயிற்றுப்போக்குடன் வந்த குழந்தைகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறு ரகங்களைச் சோதித்த இரு பெரிய ஆய்வுகள் 2018 இல் பயன் ஏதும் காணவில்லை.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிடும் 'கோ' பயிர் ரகங்கள் அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை உழவர் நன்கறிவர். பாக்டீரியாவுக்கும் அதே நியதிதான். ஒன்றுக்கான சான்று மற்றொன்றுக்குச் செல்லாது.

தீங்கின் பக்கம்

அளவும் இடமும் மாறினால் இதே அமிலம் கேடாகும். சர்க்கரை படிந்த பல்லில் அது எனாமலை அரிக்கிறது. சிறுகுடலின் பெரும்பகுதி வெட்டப்பட்டவர்க்கு, பெருங்குடல் பாக்டீரியா ஆக்கும் டி-வகை லாக்டிக் அமிலம் ரத்தத்தில் தேங்கி மனக்குழப்பம் உண்டாக்கலாம். மாட்டுப் பொங்கலன்று அளவின்றிப் பொங்கல் தின்ற மாட்டின் வயிற்றில் மாவுச்சத்து விரைந்து புளித்து, அமிலம் பெருகி, உயிருக்கே ஆபத்தாகலாம். குறைமாதக் குழந்தைகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்க்கும் உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்து தொற்றாவது அரிதாக நிகழ்கிறது.

பழைய சோற்றிலும் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் எனும் நச்சுப் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பின்னும் தப்பிப் பிழைக்கும். சோற்றில் ஊற்றிய தண்ணீர் விரைவாகப் புளித்தால் அந்தப் பாக்டீரியா அடங்கும். சோறு நீரூற்றப்படாமல் வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் அது முந்திக்கொள்ளும். அதன் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. தூய பானையும் நல்ல நீரும் காலத்தே நீரூற்றும் பழக்கமும் இவ்வுணவின் அடிப்படை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011 இல் வெளியிட்ட நெறிமுறை, புரோபயாட்டிக் (உடல்நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிரி கொண்டது) என்று சொல்லப்படும் உணவுக்கு ரகத்தின் அடையாளம், பாதுகாப்பு, மனிதரிடம் கண்ட பயன், உட்கொள்ளும் அளவு ஆகியவற்றைக் கேட்கிறது. புளிச்சதண்ணியைக் குடல்நோய் மருந்தென உரைப்பவரும் இந்தப் படிகளைக் கடந்தாக வேண்டும். அவ்வாறு கடக்கும்வரை அது நல்ல உணவு. அந்தப் பெயருக்கு அது முழுத் தகுதி உடையது.