அத்தோ: ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த சாப்பாடு

போன தடவை பங்குச்சந்தை பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்தேன் என்று வகுப்பில் புகார். அதனால் இந்த முறை சாப்பாடு. ஆனால் கொஞ்சம் சரித்திரமும் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

சென்னைக்குப் படிக்க வரும்வரை எனக்கு நூடுல்ஸ் என்றால் பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் போடுவது மட்டும்தான். அவலூர்பேட்டையில் வெளியே சாப்பிடுவது என்றால் பரோட்டா, இல்லையென்றால் சந்தைக்குப் போகும்போது போண்டா. முதலாம் ஆண்டில் ஒரு நாள் மாலை நண்பன் ஒருவன், "வாடா, பர்மா சாப்பாடு வாங்கித் தரேன்" என்று கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கூட்டிக்கொண்டு போனான். ராஜாஜி சாலையில் பர்மா பஜார். அதற்கு இணையாக உள்ளே போவது செகண்ட் லைன் பீச் சாலை. பகலில் அலுவலகமும் லாரியுமாக இருக்கும் தெரு. சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டிகள் வந்துவிடும். மேஜையும் இல்லை, மெனு கார்டும் இல்லை. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும்.

"காரம் தூக்கலா போடவா தம்பி?" என்றார் கடைக்காரர். ஊர் மானத்தைக் காப்பாற்ற "போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். பிறகு பட்டபாடு தனிக்கதை.

அவர் செய்ததைச் சொல்கிறேன். ஒரு பாத்திரத்தில் ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்த நூடுல்ஸ். அதன்மேல் நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர், எலுமிச்சை, கொத்தமல்லி. கடைசியில் பேஜோ என்று ஒரு மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்தார். அடுப்பில் வைத்துக் கிளறவே இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். கூடவே முட்டை மசாலா: வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் புளியும் வைத்துத் தருவது. அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நன்றாக இருந்தது. விஷயம் அதுவல்ல. புளி, பூண்டு, வாழைத்தண்டு எல்லாம் நம் வீட்டுச் சாமான். ஆனால் ருசி நம் வீட்டு ருசி இல்லை. அது எப்படி என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே இருக்கிறது கதை

பர்மிய மொழியில் 'அத்தோக்' என்றால் கையால் கலந்து பிசைந்தது என்று பொருள். தேயிலையில், இஞ்சியில், ஏன், சமோசாவில்கூட அங்கே அத்தோக் செய்கிறார்கள். நூடுல்ஸில் செய்வது 'கௌஸ்வே தோக்'. நம் ஊருக்கு வந்தபோது முன்னால் இருந்த சொல் உதிர்ந்து 'அத்தோ' மட்டும் நின்றுவிட்டது. பேஜோவும் பர்மியச் சொல்தான். 'பே' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. அதாவது பருப்பு வடையின் தூரத்துச் சொந்தம்.

கௌஸ்வே என்ற பெயரைக் கவனியுங்கள். தாய்லாந்தின் சியாங் மாயிலும் லாவோஸின் லுவாங் பிரபாங்கிலும் 'காவ் சோய்' என்று ஒரு நூடுல்ஸ் இருக்கிறது. சியாங் மாயில் தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றி, மேலே பொரித்த நூடுல்ஸ் தூவுவார்கள். லாவோஸில் தேங்காய்ப்பால் கிடையாது, பன்றி இறைச்சியும் தக்காளியும் புளிக்கவைத்த சோயாவும் சேர்ப்பார்கள். பர்மாவின் ஷான் மாநிலம் இந்த இரண்டு நாடுகளையும் தொட்டுக்கொண்டு இருக்கிறது. வணிகர்கள் போன வழியில் சாப்பாடும் போயிருக்கும். ஆக, ஏசி போட்ட தாய் உணவகத்தில் நாம் வியந்து சாப்பிடும் புளிப்பு, உப்பு, காரக் கலவைக்கு ஒரு ஏழைச் சொந்தக்காரர் பர்மா பஜார் பின்னால் தள்ளுவண்டியில் நிற்கிறார்.

ஒரு வித்தியாசம் உண்டு. பர்மாவில் இதில் மீன் சாஸ், காய்ந்த இறால் எல்லாம் சேரும். நம் வண்டிகளில் பெரும்பாலும் அது இல்லை. அந்த வாழைத்தண்டு சூப்பும் அப்படித்தான். அங்கே 'மொஹிங்கா' என்பது மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டுச் செய்யும் காலைச் சாப்பாடு. இங்கே மீன் போய்விட்டது, தண்டு தங்கிவிட்டது. பதிலுக்கு நம் பரோட்டா அங்கே 'பலாட்டா' ஆகியிருக்கிறது, தோசை 'தோஷே' ஆகியிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் சரிதான்.

தமிழர்கள் ஏன் பர்மா போனார்கள்?

பிரிட்டிஷ்காரர்கள் 1824, 1852, 1885 என மூன்று போர்களில் பர்மாவைப் பிடித்தார்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். பாஸ்போர்ட் வேண்டாம், டெக் டிக்கெட் எடுத்தால் போதும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதானது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டிக் கழனி ஆக்கினார்கள். 1850-களில் சில லட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம், 1930-களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த இடம் அது.

அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டும். மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துத் தமிழ், தெலுங்கு மாவட்டங்களில் ஆள் பிடித்தார்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் சுமார் 10 லட்சம் பேர். ரங்கூன் நகரில் மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தியர்கள்! பர்மியர்கள் தங்கள் தலைநகரிலேயே சிறுபான்மை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பாடம்

இனி என் பாடம். விவசாயிக்கு விதைக்கும் மாட்டுக்கும் கடன் யார் கொடுத்தது? வெள்ளைக்கார வங்கிகள் சின்ன விவசாயியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்தான் கொடுத்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் தலைமையிடம், டெல்டா முழுக்கக் கிளைகள். 1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. வட்டியும் மற்ற லேவாதேவிக்காரர்களைவிடக் குறைவுதான்.

நிலம் வாங்குவது அவர்கள் நோக்கமே இல்லை. பணத்தைக் கொடுத்து வட்டியோடு பணத்தை வாங்க வேண்டும், நிலம் வெறும் அடமானம். ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தில், 1930-இல், அரிசி விலை சரிந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமானம் கைமாறியது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1937-இல் அது 25 சதவீதம். ஏழே வருஷம்!

பேரேட்டில் பார்த்தால் இது வாராக்கடனுக்கு ஈடாக வந்த சொத்து. செட்டியாருக்கே அது தலைவலிதான். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் பட்டதோ வேறு. எங்கிருந்தோ வந்தவன் என் பாட்டன் கழனியை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் அளவில் உண்மை.

கூலிக்காரர்களுக்குள்ளும் இதே கதை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களை வேலைக்கு எடுத்தன. சமாதானம் ஆனதும் அந்தப் பர்மியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கலவரம் வெடித்தது. 1938-இல் மறுபடியும் கலவரம். லாபம் பார்த்த கம்பெனிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழையும் ஏழையும் வெட்டிக்கொண்டார்கள்.

இரண்டு வெளியேற்றங்கள்

முதலாவது 1942. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தே கிளம்பினார்கள். அரக்கான் வழியாகவும், தமு தாண்டி மணிப்பூர் வழியாகவும். சுமார் 5 லட்சம் பேர் வெளியேறினார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். 'பராசக்தி' (1952) படத்தில் அண்ணன் தம்பிகள் ரங்கூனில் இருப்பதும், யுத்தத்தில் குடும்பம் சிதறுவதும் சும்மா கற்பனைக்காக வைத்ததில்லை. அன்றைக்குத் தியேட்டரில் இருந்த பல பேருக்கு அது சொந்தக் கதை.

இரண்டாவது 1964. அதற்குள் பர்மா விடுதலை பெற்றுவிட்டது (1948 ஜனவரி 4). போருக்குப் பின் பல தமிழர்கள் திரும்பிப் போயிருந்தார்கள். 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் எல்லாம் அரசுடைமை. அதே வருஷம் மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. 2016 நவம்பரில் நம் வீடுகளில் பட்ட அவஸ்தை நினைவிருக்கிறதா? நமக்கு மாற்றிக்கொள்ள வங்கி இருந்தது. கடையும் போய், நோட்டும் செல்லாமல், குடியுரிமையும் இல்லாதவன் என்ன செய்வான்?

கப்பலேறினான். சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். கையில் மிகக் கொஞ்சம் பணம்தான் எடுத்துவர விட்டார்கள், நகைக்கும் கட்டுப்பாடு. 1963-இலிருந்து தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்து சேர்ந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கம். இவர்களில் மாடி வீட்டுச் செட்டியார்கள் குறைவு. முதலும் போட்டவர்கள் பலர் முன்பே வந்துவிட்டார்கள். கடைசியில் வந்தவர்கள் சின்னக் கடைக்காரர்கள், கூலிகள், பர்மாவிலேயே பிறந்து தமிழ்நாட்டைப் பார்த்தே இராத பிள்ளைகள். 25 சதவீத நிலத்தில் ஒரு சென்ட்கூட இவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஆனால் அந்தக் கடனை இவர்கள் தலையில்தான் கட்டினார்கள்.

வியாசர்பாடி, எண்ணூர், திருச்சி, மதுரை என்று பல இடங்களில் பர்மா காலனிகள் உருவாயின. 1969-இல் பிழைப்புக்காக பர்மா பஜாரில் கடை கொடுத்தார்கள். அதே 1969-இல், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களுக்காக மத்திய அரசு ரெப்கோ வங்கியைத் தொடங்கியது. எத்தனையோ தடவை அந்த போர்டைப் பார்த்திருக்கிறேன், வங்கியியல் பாடமும் படிக்கிறேன். பெயரின் முதல் எழுத்துகளுக்குள் 'தாயகம் திரும்பியோர்' ஒளிந்திருக்கிறார்கள் என்பது இதைத் தேடும்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

முதலீடு இல்லாதவன் தொடங்கக்கூடிய வியாபாரம் சாப்பாடுதான். சுங்கத்தில் நகையைப் பிடிக்கலாம், கைப்பக்குவத்தைப் பிடிக்க முடியாது. முதலில் காலனிக்குள் தங்களுக்காகச் செய்தார்கள். பிறகு துறைமுகத் தொழிலாளிகளும் அலுவலகக்காரர்களும் சாப்பிட வந்தார்கள். இன்றைக்கு அத்தோ வண்டி சென்னையைத் தாண்டி எத்தனையோ ஊர்களுக்குப் போய்விட்டது. அதை விற்பவர்களில் பலருக்கு பர்மாவோடு எந்த உறவும் இல்லை.

எங்கள் ஊர் அம்மன் எல்லையில்

கடைசியாக ஒன்று. வந்தவர்களில் சிலருக்கு இங்கே பிடிபடவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று அறுபதுகளில் மணிப்பூர் வழியாகப் போனார்கள். எல்லையில் பர்மியப் படையினர் தடுத்துவிட்டார்கள். முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர மனமில்லாமல், எல்லையில் இருக்கும் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். எதிரே தமு. 1942-இல் நடந்து வந்த அதே வழி.

மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, இட்லி கிடைக்கும், பெரிய கோவிலும் உண்டு. யாருடைய கோவில் தெரியுமா? அங்காள பரமேஸ்வரி! படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மேல்மலையனூர். அமாவாசைக்கு அமாவாசை ஊஞ்சல் பார்க்கக் கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஆயாவிடம் போனில் சொன்னேன். "அம்மா அவ்ளோ தூரம் போய் உக்காந்திருக்காளா? தனியா உட முடியுமா அதுங்கள" என்றாள். 2023-இல் மணிப்பூரில் வெடித்த கலவரம் மோரேயையும் விட்டுவைக்கவில்லை. மறுபடியும் அதே மக்களுக்கு அதே பயம்.

இதையெல்லாம் படித்த பிறகு போன வாரம் மறுபடியும் செகண்ட் லைன் பீச் போனேன். கடைக்காரரிடம், "உங்க வீட்டுல யாராவது பர்மாவுல இருந்தாங்களாண்ணா?" என்று கேட்டேன். பிசைவதை நிறுத்தாமல், "அப்பா அங்கதான் பொறந்தாரு தம்பி. ரங்கூன் போகணும் போகணும்னே சொல்லிட்டு இருந்தாரு. போகல" என்றார். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. கூட்டமும் அதிகம்.

வெளியிலிருந்து நம் ஊருக்கு வந்து வேலை செய்பவர்களைப் பற்றி வகுப்பில் சில பேர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன். "நம்ம வேலையெல்லாம் அவங்க எடுத்துக்கறாங்க" என்று 1930-இல் ரங்கூனில் நம்மைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அதன் விலையைக் கட்டியது மட்டும் கடைசியில் கப்பலேறிய கூலிக்காரன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ 'ரங்கூன்காரர்' என்று யாராவது இருந்தால், அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கப்பலில் வந்தபோது குழந்தையாக இருந்தவர்களுக்கே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அப்புறம், அத்தோ சாப்பிடப் போனால் காரம் கம்மியாகவே கேளுங்கள்.