குறிமுனை வர்ணம்

துப்பாக்கிக் குழலின் நுனியில் நிற்கும் சிறு முனையே குறிமுனை. உறையில் உரசி அதன் வெள்ளைப் புள்ளி தேய்ந்தால், மங்கிய ஒளியில் கறுப்போடு கறுப்பாகிவிடும். அதைத் திரும்பத் தீட்டுவது பழைய கைவேலை.

பழனி மலையின் சோலைக்காட்டு இருளிலும் கொடைக்கானல் மூடுபனியிலும் இதன் அருமை எளிதில் புரியும். 1860களில் இம்மலைகளை ஆராய்ந்த டக்ளஸ் ஹாமில்டன் என்ற மதராஸ் படை அதிகாரி தேர்ந்த வேட்டைக்காரர். பேரிஜம் ஏரி அருகே ஹாமில்டன் கோட்டை அவர் பெயர் தாங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வேட்டைத் துப்பாக்கிகளில் நிலவொளிக்கென்றே தந்தத்தாலோ எனாமலாலோ வெண்முனை பொருத்தினர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டை முடிந்தது. நல்லதே.

ஆனால் இஷாப்பூரில் உருவான 9 மி.மீ. கைத்துப்பாக்கி போன்றவை சீருடையினரிடம் இன்றும் உண்டு. அவற்றின் குறிமுனையைத் தீட்டும் வேலையின் பாதி, எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் போக்குவது. முதலில் வெள்ளைப் பூச்சு. உலர்ந்தபின் ஆரஞ்சு அல்லது பச்சை. அடியில் வெள்ளை இல்லாவிட்டால் நிறம் எடுபடாது. நகப்பூச்சும் உதவும், சீக்கிரம் உதிரும். துப்பாக்கியின் பின்புறம் உள்ள குறியைக் கறுப்பாகவே விடுவது நல்லது.

குண்டுகளை அகற்றி, அறையை இருமுறை பார்த்த பிறகே தூரிகையைத் தொடுங்கள்.