தனியாகக் கேட்கும் கேள்வி

மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு 1983இல் வந்தது. அடுத்த ஆண்டே டாடா சமூக அறிவியல் கழகம் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள் சமூகப் பணியாளர்களை அமர்த்தியது. அருமையான காரியம். ஆனால் போலீஸ் வாசல்வரை வரத் துணிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எங்களிடம் வந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு.

மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தேன். பிறந்தது தாராவி, பூர்வீகம் திருநெல்வேலி. தமிழ்ப் பெண் யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கேஷுவல்டி பதிவேட்டில் ‘ஸ்டவ் வெடித்தது’, ‘தவறுதலாக எலி மருந்து குடித்தார்’ என்றே வரி வரியாக இருக்கும். சொன்னவர் பெரும்பாலும் கூட வந்த கணவர்.

2000இல் பாந்திரா பாபா ஆஸ்பத்திரியில் மாநகராட்சியும் சேஹத் என்ற தன்னார்வ அமைப்பும் சேர்ந்து, வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்காக ‘திலாசா’ மையத்தைத் தொடங்கின. எப்போதும் வெளியாட்களே வந்து பாடம் நடத்தாமல், அங்கிருந்த டாக்டர்களையும் நர்ஸ்களையுமே பயிற்சியாளர்களாக்கினார்கள். இந்த வரலாற்றில் மிகப் பெரிய முடிவு அதுதான் என்பேன்.

கற்றுத்தந்தது என்ன? படியில் விழுந்தேன் என்கிறவளுக்கு முன்னங்கையில் ஏன் காயம் என்று பார்ப்பது. அடியைத் தடுக்கக் கை தூக்கினால் அங்கேதான் படும். எக்ஸ்ரேக்கு என்று அவளை மட்டும் உள்ளே அழைத்துப்போய், “வீட்டுல யாராச்சும் கை நீட்டுறாங்களாம்மா?” என்று கேட்பது. அவள் இல்லை என்றால் வற்புறுத்தாமல், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி அனுப்புவது. ‘நீ என்ன செஞ்சே?’ என்று மட்டும் கேட்கவே கூடாது. அன்று இரவு வீடு திரும்புவது ஆபத்து என்றால் ‘அப்சர்வேஷன்’ என்று எழுதி வார்டில் ஒரு கட்டில் தருவார்கள். திரும்பித்தான் போவேன் என்பவளிடம், ரேஷன் கார்டையும் கொஞ்சம் பணத்தையும் நம்பிக்கையான அக்கம்பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்வார்கள். அவள் முடிவு அவளுடையது. அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருப்பதற்கே நிறையப் பயிற்சி வேண்டும்.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் உதவி கோரினால் ஆஸ்பத்திரி சிகிச்சை தந்தாக வேண்டும் என்றது. கோரும் நிலையில் இல்லாதவளிடம் யாராவது முதலில் பேச வேண்டுமே!

தாராவியில் அதைச் செய்பவர்கள் ‘சங்கினி’கள். சயான் ஆஸ்பத்திரிக் குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு, அந்தந்தச் சந்துப் பெண்களையே சங்கினிகளாகப் பயிற்றுவித்தது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். சத்தம் முதலில் கேட்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான்.