நச்சில் சுமந்த மருந்து: வேலூர் ஆய்வொன்றின் வரலாறு

நாம் கூடியிருக்கும் சூலியா தெரு, சோழமண்டலக் கரையிலிருந்து பினாங்குக்கு வந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு பெயர் எங்கிருந்து வந்தது, வந்த இடத்தில் என்ன பொருள் கொண்டது என்று கேட்பது மொழியியலார் வழக்கம். இன்று அவ்வாறு கேட்க நாம் எடுத்துக்கொண்ட சொல் 'நச்சில்'. 2020இல் 'கோறனி நச்சில்' என மலேசியத் தமிழரிடையே பரவிய சொல் அது. வைரஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கும் நஞ்சென்றே பொருளாதலால் ஆக்கத்தில் குறை கூற இயலாது. ஆயின் அந்நச்சிலையே மருந்து சுமக்கச் செய்த ஆய்வொன்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்துள்ளது. அதனைத் தமிழில் சொல்லப் புகுவோர்க்கு இச்சொல்லே முதல் தடையாகிறது.

அவ்வாய்வை நடத்தியவர் குருதியியல் பேராசிரியர் அலோக் ஸ்ரீவஸ்தவா. ஹீமோஃபிலியா நோயாளரிடையே பல்லாண்டு பணியாற்றியவர். குருதி உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி என்னும் புரதம் பிறவியிலேயே குறைந்திருப்பது ஹீமோஃபிலியா 'ஏ'. குறைபாடுள்ள மரபணு தாய்வழி மகனை அடைவதே மிகுதி. மூட்டுகளுக்குள் குருதி மீண்டும் மீண்டும் கசிந்து, சிறுவர் நடை முடங்குவதுண்டு. ஊசிவழிச் செலுத்தும் காரணியின் அளவு சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், விலையோ மிகுதி. 1998இல் அவரும் மம்மன் சாண்டி முதலியோரும் வெளியிட்ட கட்டுரை, அறுவைக்குப் பின் குறைந்த அளவு காரணியைக் கொண்டே குருதிப்போக்கைக் கட்டுப்படுத்தலாம் எனக் காட்டியது. இல்லாமையிலிருந்து பிறந்த அறிவு இது. அவருடைய பிற்கால ஆய்வையும் இதிலிருந்து தொடங்கியே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டுச் சிகிச்சை வழிகாட்டிக்கும் அவரே முதலாசிரியர்.

மரபணு மருத்துவம் அதற்குள் ஏற்றமும் இறக்கமும் கண்டிருந்தது. 1990இல் அமெரிக்காவில் 4 வயதுச் சிறுமியொருத்திக்கு முதல் சிகிச்சை அளிக்கப்பட்டது. 1999இல் பென்சில்வேனியாவில் 18 வயது இளைஞர் ஒருவர் ஆய்வின்போது உயிரிழக்கவே, அத்துறை சில காலம் தளர்ந்தது. பின்னர் அடினோ-துணை வைரஸ் நம்பிக்கை தந்தது. (1983இல் அவ்வைரசின் மரபணுத் தொகுதியைப் படித்தறிந்த அருண் ஸ்ரீவஸ்தவா வேறொருவர், மாணவர் பெயரால் மயங்க வேண்டா.) ஆனால் இயற்கையில் அவ்வைரசு தொற்றியவர் பலராதலின், அவர் உடலில் எதிர்ப்பொருள் முன்னரே இருக்கும். விலையோ எட்டாக்கனி. 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஹீமோஃபிலியா 'பி' மருந்தொன்று 35 இலட்சம் டாலர்.

வேலூர்க் குழுவினர் வேறு வழி கண்டனர். அங்கு எலும்பு மச்சை மாற்று மருத்துவம் 1986 முதலே நடந்துவந்தது, அக்கைப்பழக்கமே அடித்தளமாயிற்று. நோயாளியின் குருதி ஊற்றுச் செல்களைப் பிரித்தெடுத்து, அமெரிக்க எமரி பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து உருவாக்கிய லென்டிவைரஸ் வழியே எட்டாம் காரணி மரபணுவை அவற்றுட் செலுத்தி, மீண்டும் உடலில் சேர்த்தனர். எச்.ஐ.வி. சேர்ந்த இனமே லென்டிவைரஸ். பெருகும் ஆற்றல் நீக்கப்பட்டு, சுமக்கும் ஆற்றல் மட்டும் எஞ்சியது.

2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' முடிவுகளை வெளியிட்டது. கடும் நோயுற்ற ஐவர்க்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்ட 81 மாதக் கண்காணிப்பில் ஒருவர்க்கும் குருதிக்கசிவு நேரவில்லை. ஐவர் என்பது சிறு தொகை. செல்களைத் திரும்பச் செலுத்துமுன் மச்சையை வெறுமையாக்கும் கடுமருந்தும் தாங்க வேண்டியிருந்தது. ஆகவே வியப்பை அளவோடு நிறுத்துதல் நலம்.

இத்தகைய சிகிச்சைக்கு நோயாளி தமக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெற்றுக் கையொப்பமிட வேண்டும். 'எச்.ஐ.வி. இனத்து நச்சில்' என்று கேட்கும் தாய் தன் மகனை அனுப்புவாளா? மரபணு சுமக்கும் வைரசைக் 'கடத்தி' என்கின்றனர் சிலர். பாடநூலில் செப்புக்கம்பியும் கடத்தி, கொசுவும் நோய்க்கடத்தி. நாளிதழிலோ கடத்தல் குற்றம். 'மரபணு ஊர்தி' என்பது நம் பரிந்துரை. மாணவர் எவரேனும் இதனினும் நல்ல சொல் காண்பாராயின், நம் சொல்லை மகிழ்ந்தே கைவிடுவோம்.