சிவகாசியில் நஷ்டஈட்டின் வரலாறு

வேலையால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் முதலாளி ஈடு தர வேண்டும் என்ற விதி, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தால் இந்தியாவுக்கு வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் ஆலை தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். தாடை எலும்பை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1913இல், அரசு தடை செய்திருந்தது. ஆகவே சிவகாசித் தொழிலாளர்கள் அந்தக் கொடுமைக்குத் தப்பினார்கள்.

பட்டாசு வந்தபின் ஆபத்தின் முகம் மாறியது. மருந்து கலக்கும்போதும் அடைக்கும்போதும் ஏற்படும் உராய்வில் அறையே வெடித்துச் சிதறும். அதனால் இந்தப் பகுதியில் நஷ்டஈடு என்றாலே விபத்துப் பணம் என்று ஆகிவிட்டது. குழந்தைத் தொழிலாளர் பற்றி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு வேண்டும், பிரீமியத்தை முதலாளியே கட்ட வேண்டும் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. தீக்காயம் பட்டவர்களுக்கு, வெந்த அளவைப் பொறுத்துத் தொகை வேறுபட்டது. பிணம் விழுந்த பிறகே தொகை உயர்ந்திருக்கிறது என்பது இந்த வரலாற்றின் வேதனை.

நோயாளிக்கு அப்படி ஒரு தீர்ப்பு நாள் வருவதில்லை. இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களைப் பட்டியலிடுகிறது. பாஸ்பரஸ், பாதரசம், ஆர்சனிக், பென்சீன் ஆகியவற்றால் வரும் நோய்கள் அதில் உண்டு. இத்தகைய பொருளோடு ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அதற்குரிய நோய் வந்தால், அது வேலையால் வந்ததென்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. ஆனால் பச்சை ஒளி தரும் பேரியமும் வெள்ளை ஒளி தரும் அலுமினியத் தூளும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள நோய், வேலையில் நேர்ந்த ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தால் வந்தது என்று நிரூபணமானால்தான் ஈடு கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே போன தூசிக்கு அப்படி ஒரு நாளையும் நேரத்தையும் எவரால் காட்ட முடியும்?

காற்று மாசைக் கருதி, 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. அதுவரை அந்த உப்பைக் கையால் அள்ளியவர்களின் உடல்நலத்துக்கு ஈடு எதுவும் அந்தத் தீர்ப்பில் இல்லை.

மற்றொரு தடை பதிவேடு. உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவரின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. பதிவான தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு, அதற்கான சட்டமும் தொழில்சார் நோயை வேலைக் காயமாகவே கருதுகிறது. பெயரில்லாதவர் எங்கே வேலை பார்த்தோம் என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நோய் கண்ட தொழிலாளி சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, மருத்துவச் சான்று மூன்றையும் கைவசம் வைத்திருப்பது அவசியம். 1923ஆம் ஆண்டுச் சட்டம் மனுச் செய்ய வைத்த கெடு இரண்டு ஆண்டு.