இரக்கமும் கூலியும்

ஆங்கிலத்தில் இரக்கத்தையும் மன்னிப்பையும் ஒருங்கே குறிக்கும் சொல் 'மெர்சி'. தேவாலயத்து வழிபாட்டிலும் அரசனுக்கு விடுக்கும் கருணை மனுவிலும் ஒலித்து வந்தமையால் அது தெய்வ சம்பந்தமானதென்றே பலரும் எண்ணுவர். ஆயின் அதன் பிறப்பிடம் சந்தையாகும்.

இலத்தீனில் 'மெர்க்ஸ்' என்றால் விற்பனைப் பண்டம். அதனோடு உறவுடைய 'மெர்க்கேஸ்' கூலியையும் விலையையும் குறித்தது. கூலிப்படையாளைச் சுட்டும் 'மேர்சனரி' என்ற ஆங்கிலச் சொல்லில் அப்பழம்பொருள் இன்றும் அழியாதிருக்கின்றது. இரக்கத்தைச் சுட்ட உரோமானியரிடம் 'மிசெரிகோர்தியா' என வேறொரு சொல் இருந்தது. அவ்வாறாயின் கூலி எங்ஙனம் இரக்கமாயிற்று?

கிறித்தவ சமயத்தார் வழங்கிய பிற்கால இலத்தீனிலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது. கைம்மாறு செய்ய வகையற்ற ஏழைக்கு உதவுவோன் தன் கூலியை மறுமையிற் பெறுவான் என்று போதிக்கப்பட்டது. மறுமைக் கூலியைக் குறித்த சொல், நாளடைவில் அக்கூலியை ஈட்டித்தரும் இரக்கத்தையே குறிக்கலாயிற்று. உழைத்தவன் உரிமையோடு கேட்டதன் பெயர், உள்ளவன் மனமிரங்கி அளிப்பதன் பெயராக மாறிய விந்தை ஈண்டு நோக்கற்பாலது. (பிரெஞ்சுக்காரர் நன்றி கூறுவதும் இச்சொல்லாலேயே.)

1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். பிரெஞ்சு ஆளுவோர் மொழியாயிற்று. 'மெர்சி'யும் அதன்வழி ஆங்கிலத்திற் புகுந்தது. நிலமானிய நீதிமன்றத்திலே குற்றங்காணப்பட்டவன் பிரபுவின் 'இரக்கத்துக்கு' உட்பட்டவனாகக் கருதப்பட்டான். நடைமுறையில் அதன் பொருள் தண்டப்பணமே! அவ்விரக்கம் எத்தகையதென்பதற்கு 1215ஆம் ஆண்டின் மக்னா காட்டாவே சான்று. தண்டம் குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். வணிகனின் சரக்கையும், பண்ணையாளின் பயிர்த்தொழிலுக்கு வேண்டியனவற்றையும் விட்டுவைத்தல் வேண்டும் என்று அதன் 20ஆம் பிரிவு விதித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விரக்கம் வேறொரு கோலம் பூண்டது. சொத்துடையோர் நிறைந்த பாராளுமன்றம் மரணதண்டனைச் சட்டங்களை ஒன்றன்மேலொன்றாக இயற்றியது. கடையிலே ஐந்து சிலிங் பெறுமதியான பொருளை மறைவாகத் திருடியவனுக்கும் தூக்குமேடைதான். எனினும், தண்டனை பெற்றோருட் பலர் தூக்கிலிடப்படவில்லை. நிலவுடைமையாளர் ஒருவர் பரிந்துரைத்தால் அரசனின் மன்னிப்புக் கிட்டும். சட்டத்தின் பயங்கரமும் இம்மன்னிப்பும் சேர்ந்தே ஏழைகளைக் கனவான்களுக்கு அடங்கியிருக்கச் செய்தன என்பதை டக்ளஸ் ஹே என்னும் வரலாற்றாசிரியர் 1975இல் விரிவாக ஆராய்ந்தார்.

மன்னிப்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 1718ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மன்னிக்கப்பட்டோர் பொதுவாகப் பதினான்கு ஆண்டுகளுக்கு அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களைக் கப்பலேற்றிய வணிகர், மேரிலாந்து, வேர்ஜினியாத் தோட்டக்காரரிடம் அவர்தம் உழைப்பை விலைபேசி விற்றனர். விலை வணிகனுக்குச் சேர்ந்தது. மன்னிக்கப்பட்டவன் கூலியின்றி உழைத்தான்.